களவாவும் துறவியும்

என் அண்ணிக்குக் கடல்மீன் தொட்டிகளைப் பராமரிக்கும் வேலை. குழாயைத் திறந்து நிரப்பிவிட்டுப் போகிற காரியம் இல்லை அது. வீட்டிலேயே உப்பைக் கரைத்து, அளவு பார்த்து, கேன் கேனாக அடைத்து, மாடி மாடியாகச் சுமக்க வேண்டும். அண்ணன் போனபிறகு பதினோரு வருஷமாக இதே பாடு. விரலிடுக்கெல்லாம் உப்பு அரித்து வெடிப்பு. "கடல்ல கிடக்கிறதை எதுக்கு அண்ணி மூணாவது மாடிக்குக் கொண்டுவரணும்?" என்று ஒருநாள் கேட்டேன். "அப்படி எல்லாரும் கேட்டுட்டா அப்புறம் எனக்கு ஏது வேலை?" என்றார்.

நான் முன்மேசையில் உட்காரும் பல் மருத்துவமனையிலும் ஒரு தொட்டி உண்டு. வியாழன்தோறும் மதியம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வருவார். அதில் ஒரே ஒரு களவா மீன். சிவப்பு உடம்பில் நீலப் புள்ளி. வாயைத் திறந்தால் எங்கள் டாக்டரே பயப்படுவார். வேறு மீனை விட்டால் விழுங்கிவிடும் என்பதால் கூட இருந்தவை நத்தைகளும் துறவி நண்டுகளும்தான். நத்தை பாசியை மேயும். களவா சிந்தியதை நண்டு பொறுக்கும். துறவி நண்டுக்குச் சொந்த ஓடு கிடையாது. நத்தையின் காலி ஓட்டில் குடியிருந்து, வளர வளரப் பெரிய ஓடாகப் பார்த்து மாறிக்கொள்ளும். களவா பக்கத்தில் வந்தால் உள்ளே சுருண்டுவிடும்.

அண்ணி இறால் துண்டை நீட்டினால் களவா விரலில் பல் படாமல் வாங்கிக்கொள்ளும். வேறு யார் நீட்டினாலும் திரும்பிப் பார்க்காது. "இது ஒண்ணுதான் என்னை வேலை ஏவாம சாப்பிடுது" என்பார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்தத் தொட்டிக்கு முன்னால்தான்.

திடீரென்று நத்தைகள் குறைய ஆரம்பித்தன. புதிதாக ஆறு விட்டால் அடுத்த வாரம் மூன்றுதான். மணலில் காலி ஓடுகள் கிடக்கும். வருகிறவர்கள் பார்த்தால் அசிங்கம் என்று நான்தான் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன். அண்ணியும் வாராவாரம் பொறுக்கி எடுத்துவிடுவார்.

ஒரு புதன்கிழமை களவா வாயில் ஒரு ஓட்டைக் கவ்விக்கொண்டு நின்றது. பல் பிடுங்க வந்த ஒரு குழந்தை அதைப் பார்த்து, ஊசி போடுவதற்கு முன்பே வீறிட்டது. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "டாக்டர், கையும் களவுமாப் பிடிச்சிட்டேன்!" என்று ஓடினேன். நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். களவா என் வாயால் கெட்டது.

மறுநாள் டாக்டர் அண்ணியைக் கூப்பிட்டார். "பேர்லயே களவு இருக்கேம்மா! ஓட்டல்காரர் ஒருத்தர் தொட்டி வச்சிருக்கார், இதைக் கேக்கறார். குடுத்துடலாமா?"

அண்ணியின் கையில் அப்போதுதான் பொறுக்கிய காலி ஓடு இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"சரி டாக்டர்" என்றார்.

அன்றைக்கே களவாவை வாளியில் விட்டு, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோனார். ஒன்பதாம் நாள் ஓட்டலிலிருந்து போன் வந்தது. மீன் எதையும் தொடவே இல்லையாம், செத்துவிட்டதாம். அண்ணி "ஓ" என்றார். பிறகு உப்பைக் கலக்கப் போய்விட்டார்.

அடுத்த வியாழன் அவர் கண்ணாடி துடைக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். ஒரு துறவி நண்டு நத்தையைப் புரட்டிப்போட்டு, உள்ளே இருந்ததைப் பிய்த்துப் பிய்த்து வெளியே எடுத்தது. ஓடு காலியானதும் தன் சின்ன ஓட்டை விட்டுவிட்டு, கூச்சமே இல்லாமல் பின்பக்கமாகப் புதுவீட்டில் நுழைந்தது. துறவி என்று பேர் வைத்தவன் யார், அவன் என் கையில் கிடைக்க வேண்டும்! காலி ஓடுகளையெல்லாம் நாங்கள் பொறுக்கி எறிந்துவிட்டால் அது வீட்டுக்கு எங்கே போகும்? குடியிருந்தவனைக் கொன்று குடியேறியிருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"அண்ணி, நான்தானே போட்டுக்குடுத்தேன்."

"நீ கண்ணால பார்த்ததைச் சொன்ன. கீழ கிடந்த காலி ஓட்டை அது வாயில வச்சுப் பார்த்திருக்கும். எனக்கு அன்னைக்கே சந்தேகம். நான் விட்ட நத்தை எல்லாம் பெருசு. கையில இருந்த ஓடு சின்னது. களவா தின்னிருந்தா பெரிய ஓடுதானே கிடந்திருக்கணும்? ஒரு வாரம் பொறுங்க டாக்டர்னு கேட்டிருக்கலாம்."

"ஏன் கேக்கல?"

துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் போட்டார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"ஏன்னு கேப்பார். நான் விளக்கணும். அவர் சிரிப்பார், நான் மறுபடி விளக்கணும். இன்னும் ரெண்டு இடத்துக்குத் தண்ணி தூக்க வேண்டியிருந்துச்சும்மா. சரின்னு சொன்னா சீக்கிரம் முடிஞ்சிடும்ல."