புங்கமரத்துக்கு ஊற்றிய தண்ணீர்

அக்காவின் தண்ணீர் பாட்டிலில் மூடியோரம் ஒரு நசுங்கல் உண்டு. எவர்சில்வர் பாட்டில்; கம்பெனி பஸ்ஸின் கதவில் இடித்து நசுங்கியது. காலையில் அவள் மகள் அதை நிரப்பிக் கொடுப்பாள். மண்ணூரில் பஸ் ஏறும்போது அக்காவின் கையில் எவ்வளவு கனத்ததோ, மாலையில் இறங்கும்போதும் அவ்வளவே கனக்கும். இறங்கியவள் நேரே வீட்டுக்குப் போகமாட்டாள். நிறுத்தத்துக்குப் பின்னால், யாரோ நட்டுவிட்டு மறந்துபோன ஒரு புங்கங்கன்று இருந்தது. மூடியைத் திருகி, அத்தனை தண்ணீரையும் அதன் அடியில் கவிழ்த்துவிடுவாள். "வூட்டுக்குப் போனதும் பாட்டிலத் தூக்கிப் பாக்கும்டி எம்பொண்ணு. ரொம்பி இருந்தா அவ்ளோதான், கத்தியே கொன்னுடும்" என்று சிரிப்பாள்.

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் கூடப் பிறக்காத அந்த அக்காவும் நானும் ஒரே லைனில், நகரும் பெல்ட்டின் முன்னால், பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். கேன்டீன் சுவரில் பெரிய படம் ஒன்று ஒட்டியிருந்தார்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள், நன்றாகத் தூங்குங்கள், மனம்விட்டுச் சிரியுங்கள் என்று அதில் ஓர் அழகான பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். மகராசி, அவள் எங்கள் லைனில் ஒருநாள் நின்றிருக்க வேண்டும். தண்ணீர் குடிப்பதில் என்ன கஷ்டம்? குடித்த பிறகுதானே கஷ்டம்! பாத்ரூம் போகக் கை தூக்க வேண்டும். நம் இடத்தில் நிற்க மாற்றாள் வர வேண்டும். மொத்த லைனுக்கும் ஒரே மாற்றாள். அவள் வருவதற்குள் வேலை குவிந்து லைன் நின்றுவிட்டால், கூரை ஸ்பீக்கரிலிருந்து பொம்மைக்கடை மெட்டு ஒன்று அலறும். அத்தனை தலைகளும் நம்மைத் திரும்பிப் பார்க்கும். அந்த அவமானத்துக்குப் பயந்தே நாங்கள் எல்லோரும் வாயைக் கட்டினோம். அதில் எங்களுக்குள் பெருமை வேறு. சூப்பர்வைசர் அக்காவை "ஒட்டகம்" என்பார். ஒருமுறை கூட்டத்தில் அவளை முன்னால் நிறுத்தி, கை தூக்காத ஆள் என்று சொல்லிக் கைதட்ட வைத்தார். நானும்தான் தட்டினேன். அக்கா வெட்கத்தோடு பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

புருஷன் இல்லாத வீடு அது. அவள் சம்பளத்தில்தான் அடுப்பும் எரிந்தது, மகளின் படிப்பும் ஓடியது. அதனால் இடுப்பில் வலி வந்தபோதும் லீவு போடவில்லை. "நின்னுக்கினே இருந்தா இடுப்பு வலிக்காம கொஞ்சுமா?" என்று சொல்லிவிட்டு, மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி, அதையும் வெறும் வாயில் விழுங்குவாள். முகம் வீங்கி, லைனிலேயே சரிந்து விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. கல் அடைத்து, சீழ் பிடித்து, மாத்திரையும் சேர்ந்து சிறுநீரகம் இரண்டையும் தின்றுவிட்டது என்றார் டாக்டர். இனி மெஷினில்தான் ரத்தம் சுத்தமாக வேண்டும். அதோடு இன்னொன்றும் சொன்னார். உடம்பில் நீர் தங்குவதால், நாள் முழுக்க அவள் குடிப்பதற்கு ஒரு சின்ன டம்ளர் தண்ணீர்தான்.

பார்க்கப் போனேன். மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அக்காவின் உதடு வெடித்திருந்தது. "நாக்கு ஒட்டிக்கினு கீதுடி. ஒரே ஒரு வாய் ஊத்து" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாள். தலைமாட்டில் அதே நசுங்கிய பாட்டில், இப்போது மகள் குடிப்பதற்காக, நிறைய இருந்தது. அதை எடுத்து என் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். கடவுளே, எந்த எதிரிக்கும் இப்படியொரு வேலை வரக்கூடாது. அக்கா என்னையே பார்த்தாள். "அந்தக் கன்னுக்கு ஊத்தனதெல்லாம் திருப்பிக் கேக்கலாமாடி?" என்றாள். பிறகு, "நான் குடிக்காம ஊத்தனத எம்பொண்ணுகிட்ட சொல்லிடாத" என்றாள். தாகத்தோடேயே போய்ச் சேர்ந்தாள். நெஞ்சு பொறுக்கவில்லை எனக்கு.

படிப்பை முடித்த மகள் இப்போது அதே லைனில், அம்மா நின்ற இடத்துக்கு எதிரில் நிற்கிறாள். என்னைச் சித்தி என்பாள். கேன்டீன் சுவரில் படம் மாறிவிட்டது, அறிவுரை மாறவில்லை. மாற்றாள் இன்றும் ஒருத்திதான். நேற்று மாலை பஸ்ஸைவிட்டு இறங்கிய அக்கா மகள், எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து, இப்போது நிழல் விரித்து நிற்கும் அந்தப் புங்கமரத்தடியில் நின்றாள். கையில் அந்த நசுங்கிய பாட்டில். மூடியைத் திருகினாள்.

"அடியே! இன்னாடி பண்றே?"

"தண்ணி அப்டியே கீது சித்தி. சும்மா தூக்கிக்கினு போறதுக்கு மரத்துக்காவது ஆவட்டும்."

ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். சொல்லாதே என்றவளின் பேச்சை மீறி, அந்த மரத்தடியிலேயே நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். "உங்கம்மா ஊத்தி வளத்த மரம்டி இது. குடி. என் கண்ணு முன்னாடி குடி."

அவள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் பாட்டிலை வாயில் வைத்து, தாடை வழிந்து துப்பட்டா நனைய, அழுதபடியே குடித்தாள்.

"நாளைக்கி லைன்ல குடிச்சா எப்டி சித்தி?"

"நான் மொதல்ல கை தூக்கறேன். அந்த எழவு மெட்டு அலறுனா அலறட்டும். அடுத்து நீ தூக்கு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் தோள்பையைப் பார்த்தாள்.

"நீ குடிச்சியா சித்தி?"

காலையில் நிரப்பிய என் பாட்டில் பைக்குள் அப்படியே கனத்துக்கொண்டிருந்தது. அக்காவின் பாட்டிலில் மிச்சமிருந்ததை என்னிடம் நீட்டினாள் அவள் மகள்.