கடைசி எழுத்துக்காரர்

“வண்டி பேரு வேணாம். பேருக்குப் பின்னாடி என்ன எழுத்துன்னு சொல்லுங்க.”

எனக்குத் தெரியவில்லை. பக்கக் கண்ணாடி ஒன்று வாங்கத்தான் போயிருந்தேன். கடைக்காரர் பெருமூச்சு விட்டு, கல்லாப் பலகையைத் தூக்கிவிட்டு வெயிலில் இறங்கி வந்தார். வண்டியருகே குந்தி, பக்க மூடியின் புழுதியைக் கட்டைவிரலால் துடைத்தார். “எஸ் போட்டிருக்கு. சொல்லியிருக்கலாம்ல.”

மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடையில் முப்பது வருடம். ஊரில் அவருக்குப் பெயரே ‘கடைசி எழுத்து’. கூரைவரை அடுக்கிய அட்டைப் பெட்டிகளில் ஒன்றை எடுக்க ஏணியில் ஏறியபடியே பாடம் நடத்துவார். “ஆர்னா ரேஸு. டீன்னா தூரப் பயணம். ‘என்’னுன்னா மேல சட்டை போடாத, இன்ஜின் வெளிய தெரியற வண்டி. எக்ஸுக்கு மட்டும் அர்த்தம் கேக்காதீங்க, வச்சவனுக்கே தெரியாது.” சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை, கேட்பவர்கள்தான் சிரிப்பார்கள்.

எழுத்துத் தெரியாமல் வந்தவருக்கு, வண்டியைப் பார்க்காமல் எதுவும் தர மாட்டார். தொலைபேசியில் கேட்டால் வைத்துவிடுவார். “ரொம்பத்தான் பண்றாரு” என்று எரிச்சலோடு திரும்பிப் போனவர்கள் உண்டு. நானே ஒருநாள் கேட்டேன், எதற்கு இவ்வளவு பிடிவாதம் என்று. பெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

ஆறு வருடங்களுக்கு முன், தங்கையின் கணவர் போனில் முன் பிரேக் கேபிள் கேட்டிருக்கிறார். வண்டிப் பெயரை மட்டும் சொன்னார். அந்தப் பெயரில் இரண்டு வண்டிகள். ஹெச் என்று முடிவதற்குக் கைப்பிடி உயரம், கேபிளும் நான்கு விரல் கூடுதல் நீளம். கடையில் கூட்டம். தங்கையின் கணவருடையது ஹெச் வண்டி; இவர் எழுத்தைக் கேட்காமல் சாதா கேபிளைக் கட்டிக் கொடுத்தனுப்பிவிட்டார்.

“வண்டிய நேரா நிறுத்தி மாட்டுனா சரியாத்தான் உக்காரும். மாப்பிள்ளையே மாட்டிக்கிட்டாரு. பெட்ரோல் பங்க்லேருந்து வெளிய வர்றப்ப கைப்பிடிய முழுசா ஒடிச்சுத் திருப்பியிருக்காரு. கேபிள் இழுத்து பிரேக் தானா பிடிச்சிருச்சு. பின்னாடி லாரி.”

சாலையில் மணல், வழுக்கிவிட்டது என்று போலீஸ் எழுதியது. எல்லோரும் அதை நம்பினார்கள். நொறுங்கிய வண்டியைக் காவல் நிலைய வாசலில் பார்த்தபோது இவர் கைப்பிடியைத் திருப்பினார். கேபிள் விறைத்து நின்றது. வேறு யாரும் கவனிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு போயிருக்கும்.

துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்பிய பிறகு தங்கையிடம் சொல்லிவிட்டார். “மணல் இல்லம்மா. நான் குடுத்த கேபிளு. ஹெச்சான்னு கேக்காம விட்டுட்டேன்.”

“ஒரு எழுத்தாண்ணே?” என்று மட்டும் கேட்டாளாம். “ஆமா” என்றதும் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பின் அவள் ஸ்கூட்டருக்கு ஒரு பல்பு வேண்டுமென்றாலும் பக்கத்து ஊருக்குத்தான் போனாள்.

போன வாரம் நான் அங்கிருந்தபோது அவளே வந்தாள். பக்கத்து ஊரில் கிடைக்கவில்லை போலும். அண்ணனைப் பார்க்காமல் ஒரு துண்டுச் சீட்டைப் பலகையில் தள்ளினாள். பிரேக் ஷூ. வண்டிப் பெயர், எண், கடைசி எழுத்து எல்லாம் அதில் இருந்தன. அவர் ஏணியில் ஏறி, பெட்டியை எடுத்துவந்து அவள்முன் வைத்தார்.

அவள் சீட்டைப் பெட்டியருகே வைத்து, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுச் சரிபார்க்கத் தொடங்கினாள். அவள் முடிக்கும்வரை அவர் இரண்டு கைகளையும் பலகைமேல் விரித்து வைத்து, தலை குனிந்து நின்றார்.