பலகையில் இல்லாத புடைப்பு

நதீஷா வீட்டின் கீழ்த்தளமான பேஸ்மென்ற் சுவரில் சாய்த்துக் கட்டிய பலகையில் ஒரு மரக்கட்டையை வைத்துத் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தாள். ஏழு வருடங்களுக்கு முன் அமெரிக்கப் பாலைவனம் ஒன்றில் ஒரு பெரிய கல்லில் ஏறப்போய் விழுந்திருந்தாள். அன்று அவள் ஏறும்போது எடுத்த படத்தைப் பார்த்து, அந்தக் கல்லின் பிடிகளை ஒவ்வொன்றாக, மோர்னிங்சைட் பகுதியில் உள்ள வீட்டிலே, மரக்கட்டைகளால் பலகையில் செய்து வைத்திருந்தாள்.

அவள் என் தங்கையின் மகள். பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் வேலை. கயிறில்லாமல், கீழே தடித்த மெத்தையைப் போட்டுவிட்டு, கூரை உயரக் கற்களில் ஏறுவது அவளுடைய விளையாட்டு. அந்த முதற் பயணத்தின்போது அவளுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஏழு குளிர்காலமும் பலகையில் தொங்கினாள். விரல்நுனிகள் செருப்புத் தோலாகிவிட்டன.

நதீஷாவின் தம்பி யூட்சனின் மனைவி சிவானி இதில் இறங்கி இரண்டு வருடந்தான். தானும் பலகையில் ஏறிப் பார்க்கலாமா என்று அவள் கேட்டபோது, பலகை பாரம் தாங்காது என்றாள் நதீஷா. அது என்னையே தாங்கும். அந்தக் கல்லின் உச்சிக்கு இந்தக் குடும்பத்தில் தானே முதலில் போகவேண்டும், அதுதான் விஷயம்.

இந்தச் சித்திரையில் இருவரும் அங்கே போனார்கள். யூட்சனுக்கு லீவு கிடைக்கவில்லை. சிவானியின் பத்து மாதப் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டுமென்று என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நதீஷா யோசிக்காமலே கை மாற்றி ஏறினாள். பாதியில், முன்பு விழுந்த அதே இடத்தில் விழுந்தாள். திரும்பத் திரும்ப அங்கேதான். வாழைப்பழம் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்த சிவானி தோலை மடித்துப் பையில் வைத்தாள்.

"நான் ஒருக்கா ஏறிப் பாக்கட்டே, மச்சாள்?"

"ஏறும். கல்லென்ன என்ரை சீதனமே?"

ஒருத்தி ஏறும்போது மற்றவள் கீழே கைகளை நீட்டி நிற்கவேண்டும். விழுபவளை மெத்தைப் பக்கம் தள்ளிவிடத்தான். நதீஷா குறையில்லாமல் நின்றாள். ஆனால் அவள் கண் சிவானியின் விரல்களிலேயே இருந்தது, எப்போது வழுக்கும் என்று. முதியோர் பராமரிப்பில் இருபது வருடம் வேலை செய்தவள் நான். கை தாங்கிப் பிடிக்க, முகம் வேறொன்றை விரும்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சிவானி வழுக்கவில்லை. உச்சியில் நின்று பிள்ளைக்குக் கை காட்டினாள்.

"பிள்ளை பெத்து ஒரு வருசம்கூட ஆகேல்லை," என்று நதீஷா என்னிடம் முறையிட்டாள், ஏதோ களவு பிடித்தவள்போல.

இரவுச் சாப்பாட்டின்போது நதீஷா, சிவானி ஏறும்போது நிழல் வந்துவிட்டது என்றாள். காற்றும் குளிர்ந்துவிட்டது, அதனால்தான் கை வழுக்கவில்லை என்றாள். நான் படுக்கச் சொன்னேன்.

மறுநாள் காலை கல்லடியில் நின்று மெல்லக் கேட்டாள். "பெரியம்மா, அவ இடது காலை எங்கை வைச்சவ?"

எனக்குத் தெரியாது, ஏறினவளைக் கேள் என்றேன். சிவானி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தாள். நதீஷா ஏறுவதற்குப் போடும் சப்பாத்தைக் கழற்றினாள், திரும்பப் போட்டாள், பிறகு கேட்டாள். சிவானி பிள்ளையை என்னிடம் தந்துவிட்டுப் போய், இடப்பக்கம் தள்ளி ஒரு சின்னப் புடைப்பைத் தொட்டுக் காட்டினாள். பழைய படத்தில் நதீஷாவின் இடுப்பே அதை மறைத்திருந்தது. அதனால் அது பலகைக்கும் வரவில்லை, ஏழு வருடமாக அவள் காலும் அதைத் தேடவில்லை.

மூன்றாம் தரம் நதீஷா உச்சிக்குப் போனாள். அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

"உமக்குக் கால் நீளம், சிவானி," என்றாள் இறங்கி வந்து. "அதான் நேற்று லேசாப் போச்சு."

"இருக்கும், மச்சாள்," என்று சொல்லிவிட்டு, சிவானி மெத்தையை மடித்து முதுகில் போட்டுக்கொண்டு அடுத்த கல்லுக்கு நடந்தாள். நதீஷா சப்பாத்தைக்கூட மாற்றாமல், அவளை முந்திக்கொண்டு ஓடினாள்.