விஜேந்திரன் வெட்டிய பெயர்ப் பலகை

பதுளையில் மரத்தில் பெயர்ப் பலகை செய்து மாட்டுகிறவர்களை விஜேந்திரனுக்குக் கண்ணில் காட்டக்கூடாது. கடைக்கு வந்தவர் யாராவது "மரத்துல செஞ்சா அழகா இருக்குமே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டுப் பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவான். இந்த மலைநாட்டு மழைக்கு மரம் ஊதும், வெயிலுக்குப் பிளக்கும், கறையான் புகுந்தால் வெளியே சாயம் மட்டும்தான் மிஞ்சும். என் போட்டோகொப்பிக் கடைக்கும் அவன் கடைக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர்தான். அந்தப் பாடம் எனக்கு மனப்பாடம். எனக்கு அவன்மேல் எரிச்சலும் உண்டு, பாசமும் உண்டு. இதை எழுதும்போது இரண்டும் சேர்ந்துதான் வருகின்றன.

அவன் வேலை செய்வது பிளாஸ்டிக் பலகையில். பழைய போத்தல், எண்ணெய்க் கேன் எல்லாவற்றையும் உருக்கிச் செய்கிற தடித்த பலகை. கொழும்பிலிருந்து லொறியில் வரும். மேலும் கீழும் கரும்பச்சை, நடுவில் வெள்ளை. மெஷினை வைத்து மேல்தோலை வெட்டினால் உள்ளே இருக்கும் வெள்ளை எழுத்தாகத் தெரியும். பூசிய எழுத்து இல்லை என்பதால் உரிவதற்கோ மங்குவதற்கோ எதுவும் இல்லை. ஆனால் ஓர் எழுத்து பிழையாகிவிட்டால் பலகையே போச்சு. சுற்றுலாக்காரர்கள் வரும் எல்ல டவுனில் கோப்பிக் கடை வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் மரம் மாதிரியே வேண்டும். அவர்களுக்காகச் சூட்டுக் கம்பியால் ரேகை இழுத்து, கணு வைத்து, பழுப்பு நிறப் பலகையில் செய்து கொடுப்பான். வெள்ளைக்காரர்கள் அதைத் தட்டிப் பார்த்து நல்ல மரம் என்று மெச்சிவிட்டுப் போனார்கள் என்று கேள்விப்பட்டால் அன்று முழுக்க அவனைக் கையில் பிடிக்க முடியாது.

அவன் பிறந்தது ஸ்பிரிங்வெளிக்கு மேலே கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில். லயம் என்றால் காம்பரா எனும் ஒற்றை அறை வீடுகளை ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டியது. எட்டு வயதில் அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். அப்போது அக்கா இராக்கம்மாவுக்குப் பதினேழு. அவள்தான் தோட்டத்தில் பேர் பதிந்து, கொழுந்து பறித்து, இவனைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். பிறகு அவளுக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. மனிசன் மூன்று வருஷத்தில் போய்ச் சேர்ந்தான், பிள்ளை இல்லை. இவன் பதினெட்டு வயதில் பதுளைக்கு வந்து லொறிகளுக்கு நம்பர் எழுதினான், தகர போர்டு எழுதினான், பிளாஸ்டிக் பலகைக்கு மாறினான், தயானியைக் கட்டினான். கடைக்குப் பின்னால் இருக்கும் ஒரே அறையில் இரண்டு பிள்ளைகளோடு குடியிருக்கிறான். அக்காவை இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ள ஒருமுறை பார்த்தான். இரண்டாம் நாளே மூச்சு முட்டுகிறது என்று அவள் பஸ் ஏறிவிட்டாள்.

அக்காவுக்கு ஒரு வீடு வேண்டும். நாற்பத்தேழு வயதில் அவனுக்கு ஆசை என்று ஒன்று இருந்தால் அது அதுதான். சீட்டாடுவதில்லை, குடிப்பதில்லை, அரசியல் பேசுவதில்லை. பேச்சு எங்கே தொடங்கினாலும் அக்காவின் காம்பராவில் வந்துதான் நிற்கும்.

அந்தக் காம்பரா மலைச்சரிவின் ஓரத்தில் இருக்கிறது. லயத்திலேயே கடைசி. முந்தின வருஷம் நவம்பர் மழையில் பின்பக்கத்து மண் ஒரு பாகம் இறங்கி, அவளுடைய சுவரில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டது. பெரிய மழை வந்தால் லயத்து ஆட்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு ஏறிப் போக வேண்டும் என்பது அதிகாரிகளின் கட்டளை. முதலில் போவது இராக்கம்மாதான். பயந்து போவதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். கட்டிலுக்கு நேர் மேலே தகரம் ஓட்டை. படுத்திருந்தால் நனைந்துவிடுவாள்.

அந்த மழைக்குப் பிறகுதான் வீட்டுத் திட்டம் வந்தது. வெளிநாட்டுப் பணத்தில் வேலை செய்யும் ஒரு நிறுவனம், தோட்டத்தின் மேல்பிரிவில் இருபத்துநாலு குடும்பத்துக்குத் தனி வீடு கட்டித் தருவதாகச் சொன்னது. பொறுப்பாக வந்தவர் சேந்தன் என்ற யாழ்ப்பாணத்துப் பெடியன். நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாதவர் என்பதை நான் இப்போதும் சொல்வேன். திட்டத்துக்குப் பெயர்ப் பலகை வேண்டும் என்று விஜேந்திரனிடம் வந்தார். எட்டடிக்கு நாலடி.

"மேல திட்டத்தின்ர பேர் மட்டும் வெட்டுங்கோ அண்ணை. கீழ வெறுமையா விடுங்கோ. பயனாளிகளின்ர லிஸ்ட் இன்னும் முடிவாகேல்லை. முடிவானாப் பிறகு ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டுவம்."

விஜேந்திரன் தலையை ஆட்டினான். ஸ்டிக்கர் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

அடுத்த வாரம் அந்த லிஸ்ட் என் கடைக்கே போட்டோகொப்பி எடுக்க வந்தது. தலைப்பில் 'தற்காலிகம்' என்று இருந்தது. அவர்கள் கேட்டதைவிட நான் ஒரு பிரதி கூடுதலாக எடுத்து, தகரச் சுவருக்கு மேலால் நீட்டினேன். ஏழாவது பெயர் அவனுடைய அக்கா. அவன் சந்தோஷப்படட்டும் என்று செய்தேன். இந்தக் கதையில் என் பங்கு அது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் மனிசனே இல்லை.

தோட்டத்தில் பேர் பதிவது என்றால் என்ன என்று டவுன் ஆட்களுக்கு விளங்காது. செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாள் பதிவேட்டில், பேர் பதிந்தவனுக்குத்தான் வேலை, காம்பரா, செத்தால் பெட்டி. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கூப்பிடும் பெயர் உன்னுடையது இல்லையென்றால் அந்த மண்ணில் நீ ஆளே இல்லை. அதனால் அவர்களுக்குப் பத்திரம், ஒப்பந்தம் இதெல்லாம் இரண்டாம் பட்சம். பேர் பதிந்ததா இல்லையா, அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

"ஸ்டிக்கர உரிச்சிட்டு வேற பேர ஒட்டிருவாங்க நானா," என்றான் விஜேந்திரன். அண்ணன் என்ற அர்த்தத்தில் என்னை நானா என்றுதான் கூப்பிடுவான். "எங்க ஆளுக பேர பென்சில்ல எழுதுவாங்க, ரப்பர்ல அழிப்பாங்க. அதுதான் காலங்காலமா நடக்குது. வெட்டிட்டா எப்புடி அழிப்பாங்க? இவ்வளவு பெரிய பலகைய தூக்கி வீசவா போறாங்க?"

நான் தடுத்திருக்க வேண்டும். லிஸ்ட் முடிவாகவில்லை என்று அந்தப் பெடியன் சொன்னது எனக்கும் கேட்டதே. ஆனால் அவன் சொன்னது எனக்கும் சரி போலத்தான் பட்டது. இரண்டு நாள் மெஷின் சத்தத்தில் என் கடையில் போன் பேச முடியவில்லை. இருபத்துநாலு பெயர். ஓர் எழுத்தில்கூடப் பிழை இல்லை. ஏழாவது பெயரை வெட்டி முடித்ததும் சட்டைக் கையால் தூசியைத் துடைத்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

பலகையை மேல்பிரிவில் நட்ட அன்று லயமே திரண்டு வந்தது. அவரவர் பெயரைத் தேடித் தடவிப் பார்த்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார்கள். சேந்தன் பிந்தி வந்தார். பலகையைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன அண்ணை செய்து போட்டியள்? நான் வெறுமையா விடச் சொன்னனான் எல்லோ?"

"பேரு சரிதானேங்க ஐயா? யார் பேராச்சும் பிழையா?"

சேந்தன் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அத்தனை பேர் சிரித்த முகத்தோடு நிற்கும்போது யாருக்குத்தான் பலகையைக் கழற்றச் சொல்ல மனம் வரும்? அவர் ஜீப்பில் ஏறினார்.

ஜூன் மாதம் இன்னொரு செய்தி வந்தது. அப்புத்தளைப் பக்கம் வேறு தோட்டத்தில் கட்டி முடித்த வீடுகள் நான்கு மிச்சம் இருக்கின்றன. ஆபத்து அதிகமான காம்பராக்காரர்கள் உடனே போகலாம், அங்கேயே வேலைக்கும் பதிவார்கள். சேந்தன் நேரே இராக்கம்மாவிடம்தான் போனார். வெடித்த சுவர் அவளுடையதல்லவா.

"அம்மா, சாவி இப்பவே தருவினம். இஞ்சத்த வீடு எப்ப வரும் எண்டு எனக்கே தெரியாது."

"எனக்கு எதுக்குங்க ஐயா அப்புத்தள? என் பேரு இங்கன பதிஞ்சிருச்சே. தம்பி கையால வெட்டுனது. ரெண்டு எடத்துல பேர் இருந்தா ரெண்டும் போயிரும்."

அவளுடைய பயம் நியாயமானது. ஒரு தோட்டத்தில் பேர் வெட்டுப்பட்டுத்தான் இன்னொரு தோட்டத்தில் பதிய முடியும். நடுவில் தவறிப்போய் நடுத்தெருவுக்கு வந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். சேந்தன் விஜேந்திரனுக்குப் போன் போட்டு, அக்காவிடம் எடுத்துச் சொல்லச் சொன்னார். இவன் என்ன செய்தான் தெரியுமா? "அக்கா சொல்றதும் சரிதானேங்க," என்றான். அன்று அவனை நான் திட்டினேன். தன் வேலையின்மேல் அவனுக்கு இருந்த நம்பிக்கை அவன் கண்ணை மறைத்துவிட்டது. அந்த நாலு வீட்டுக்கும் வேறு நாலு குடும்பம் போய்விட்டது.

ஒக்டோபரில் மண்ணைப் பரிசோதித்தவர்களின் அறிக்கை வந்தது. மேல்பிரிவுக் காணியும் சரியக்கூடியது. அங்கே ஒரு வீடும் கட்டக்கூடாது. வேறு காணி கேட்டார்கள், கிடைக்கவில்லை. நிறுவனம் பணத்தை வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோனது. இதில் யாரைக் குற்றம் சொல்வது? மண்ணைச் சொல்லலாம். அதற்குக் காது இல்லை.

சேந்தன் மாற்றலாகிப் போகுமுன் கடைக்கு வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "பலகையைக் கழட்டச் சொல்லீட்டினம் அண்ணை. நீங்களே வச்சிருங்கோ. எனக்கு அதைப் பார்க்க ஏலாது," என்றார்.

விஜேந்திரன் அதைக் கழற்றப் போனபோது நானும் கூடப் போனேன். தனியாகத் தூக்குகிற பாரம் இல்லை. நாலு ஸ்க்ரூவையும் கழற்றினான். ஏழு மாத மழையும் வெயிலும் பட்ட பலகையில் ஒரு கீறல் இல்லை, ஓர் எழுத்து மங்கவில்லை. அதை லயத்தின் வழியே இறக்கிக் கொண்டுவந்தபோது ஒருவரும் வாசலுக்கு வரவில்லை. இராக்கம்மா மட்டும் காம்பரா வாசலில் நின்றாள்.

"எங்கடா கொண்டு போற?"

"கடைக்குத்தான்கா."

"கடையில வச்சு என்ன செய்யப்போற? இங்க ஒழுகுது. மேல போட்டுட்டுப் போ."

அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். பிறகு கூரையில் ஏறினான். ஓட்டைத் தகரத்தை எடுத்துவிட்டு, சரிவு பார்த்து, ஓரத்துக்கு ரப்பர் வைத்து, வெயிலில் பலகை நீள்வதற்கு இடம் விட்டு, ஒரு பெரிய ஹோட்டலுக்குச் செய்கிற மாதிரி நிதானமாகப் பொருத்தினான். பெயர் இருக்கும் பக்கத்தை வானம் பார்க்க வைக்கவா என்று மேலிருந்தபடியே கேட்டான்.

"உள்ளுக்கே இருக்கட்டும்டா. வெளிய இருந்து என்னத்தக் கண்டுச்சு?"

இது நடந்து மூன்று வாரத்தில் மழை பிடித்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் மண்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை விட்டார்கள். கல்லுமலை ஆட்கள் பள்ளிக்கூடத்துக்கு ஏறுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் விஜேந்திரன் அக்காவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"நான் எதுக்குடா போவணும்? ஒரு சொட்டு விழல. இந்தக் கட்டில்ல நனையாமப் படுக்கிறது இதுதான் முத தடவ. பள்ளிக்கூடத்துல சிமிட்டித் தரையில எவன் படுப்பான்?"

கெஞ்சினான், கத்தினான், அழுதான். அவள் தேத்தண்ணி ஊற்றப் போவதாகச் சொல்லி போனை வைத்துவிட்டாள். "போய் அந்தப் பலகைய லூசாக்கிட்டு வாடா, நாலு எடத்துல ஒழுகட்டும்," என்றேன். கேட்டால் பைத்தியக்காரப் பேச்சு. அவன் உடனே ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக்கொண்டு த்ரீவீல் ஆட்டோவில் ஏறினான்.

நாலு மணிக்குத் தொப்பலாக நனைந்து திரும்பி வந்தான். அக்கா வந்தாளா என்று கேட்டேன். இல்லை என்றான். பலகையைக் கழற்றினாயா என்று கேட்டேன். அதற்கும் இல்லை என்றான்.

"கதவத் தொறந்தேன் நானா. பக்கத்து வீட்டுப் பெரியாயி அவ புள்ளைகளோட உள்ள இருக்கு. அதுக்குப் பின்னால இன்னும் ரெண்டு வீட்டு ஆளுக. பள்ளிக்கூடத்துக்குப் போனவுங்களும் திரும்பி வந்துட்டாங்களாம், இங்கதான் ஒழுகலன்னு. ஒம்பது பேரு. அக்கா எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்திக் குடுக்குது. கையில ஸ்க்ரூட்ரைவரோட நின்னேன். சின்னப்புள்ள ஒண்ணு மேல பார்த்து எங்க அம்மா பேருன்னு வாசிச்சுக் காட்டுது."

பிறகு வெட்டிக்கொண்டிருந்த மருந்துக் கடை போர்டில் மெஷினை வைத்தான், ஓர் எழுத்தும் வெட்டாமல் எடுத்துவிட்டான். வெளியே மழை விட்டபாடில்லை. கல்லுமலையில் அந்த வெடித்த சுவருக்கு உள்ளே ஒன்பது பேர் நனையாமல் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரையும் நாங்கள் வெளியே கூட்டிவரவில்லை.