தாளின் பின்பக்கம்: ஹந்தானையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு பயணம்

பிள்ளைகளின் இதயச் சிகிச்சைக்காகக் கண்டிக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு வயது அறுபத்தொன்பது. போன வருடம்தான் எழுத்துக் கற்றேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது.

பேத்தி தர்ஷினிக்குப் பதின்மூன்று வயது. அவளுடைய அம்மா குவைத்தில் வேலை செய்வதால் என்னோடு ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறாள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவளுக்கு நெஞ்சு படபடவென்று ஓடும், கண் இருட்டும். இதயத்தில் மின்சாரம் போக ஒரு பாதை கூடுதலாக இருக்கிறதாம். தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, அந்த இடத்தை உறைய வைப்பார்கள். சுட்டும் அழிக்கலாம். ஆனால் நல்ல பாதை பக்கத்திலேயே ஓடுவதால், முதலில் லேசாகக் குளிர வைத்துப் பார்ப்பார்கள். நல்ல பாதை தடுமாறினால் உடனே நிறுத்துவார்கள். சூடு திரும்பினால் பெரும்பாலும் அது பழையபடி ஆகிவிடும்.

ஆஸ்பத்திரியில் தந்த தமிழ்த் தாளை லயத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். தர்ஷினி கை நீட்டினாள். "குடுங்க தாத்தா, நானும் பாக்குறேன்."

"ஏன், நான் வாசிச்சது பத்தாதா?" என்று அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

முதல் பயணம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 6.10க்கு பஸ். வழியெல்லாம் போர்டுகளில் நடு வரியை, சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே நம் தமிழ் வரியை, சத்தமாக வாசித்துக்கொண்டு போனேன். 6.45க்கு டவுன். அங்கிருந்து ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய்.

வார்டில் யாழ்ப்பாணத்து நர்ஸ் ஒருவர் தாளை என் கையிலிருந்து வாங்கித் திருப்பினார். படபடப்புக்குப் போடும் மாத்திரையைச் சிகிச்சைக்கு ஐந்து நாளுக்கு முன்பே நிறுத்த வேண்டும் என்று பின்பக்கத்தில் இருந்தது. மாத்திரை உடம்பில் இருந்தால் படபடப்பு வெளியே வராது, பிழையான இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. நானோ அன்று காலையிலும் கொடுத்திருந்தேன். தாளுக்குப் பின்பக்கம் இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

யார் கொடுத்தது என்று கேட்டார்.

"நான்தான் மறந்து போட்டுட்டேன் மிஸ்," என்றாள் தர்ஷினி.

"இவ்வளவு பெரிய பிள்ளை, ஒரு பேப்பரை ஒழுங்கா வாசிக்கத் தெரியாதே?"

அவள் தலை குனிந்து நின்றாள். நான் சுவரில் இருந்த போர்டை வாசிப்பதுபோல் நின்றேன். மூன்று வாரம் தள்ளிப்போட்டார்கள். திரும்பும் பஸ்ஸில் ஒரு போர்டும் வாசிக்கவில்லை.

அடுத்த முறை சொன்னபடி மாத்திரையை நிறுத்தினோம். மூன்றாம் நாள் படபடப்பு வந்து அவள் வாசற்படியில் சாய்ந்தாள். நான் அன்றே தாளைத் திருப்பியிருந்தால் இந்த நாட்களை அவள் முன்பே கடந்து குணமாகியிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

சிகிச்சை இரண்டரை மணி நேரம். நல்லபடியாக முடிந்தது. அவள் கண்ணயர்ந்திருக்கும்போது அதே நர்ஸிடம் போய், "அன்னைக்குப் பிழை என்னோடது மிஸ்," என்றேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் ஐயா. பேப்பர் உங்கட கையிலதானே இருந்தது."

ஹந்தானைப் பக்கமிருந்து போகிறவர்கள் 6.10 பஸ்ஸைப் பிடியுங்கள். இரவு தங்க ஒரு போர்வை கொண்டுபோங்கள். தாளைத் திருப்பிப் பாருங்கள், பிள்ளை கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

இதை வெளியிடுவதற்கு முன் தர்ஷினியிடம் காட்டினேன். முழுக்க வாசித்தாள். "நான்தான் மாத்திரை போட்டேன்னு சொன்னதை மட்டும் எடுத்துடுங்க தாத்தா," என்றாள்.

எடுக்கவில்லை.