மொக்கராசுவின் பெயருக்கு நேரே

போன வாரம் பக்கத்து வீட்டு வித்யா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சட்டம் படிக்கிற பெண். போலீஸில் தகவல் கேட்டு ஒரு மனு போட வேண்டுமாம். "தாத்தா, நீங்க போலீஸ் ஆபீஸ்ல இருந்தவராச்சே, கேள்வி சரியா வந்திருக்கா பாருங்கோ" என்றாள். இருபத்தைந்து வயதுக்குள் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் மேல் வழக்கு உண்டு. இவ்வளவுதான் கேள்வி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். அதற்கப்புறம் அவள் பேசியது எதுவும் காதில் விழவில்லை. மூக்கில் ஏலக்காய் நெடி ஏறிவிட்டது.

பாயசத்தில் போடுகிற ஏலக்காயை நினைக்காதீர்கள். பச்சைக் காயைச் சூட்டறையில் பரப்பி, அடியில் விறகு எரித்து வாட்டும்போது வருகிற நெடி அது. கண்ணைக் கரிக்கும். தோய்த்து உலர்த்தினாலும் சட்டையை விட்டுப் போகாது. ஐம்பதுகளின் கடைசியில், கேரளம் என்று புதிய மாநிலம் உண்டான கையோடு, பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்து வளர்ந்த என்னைக் குமுளிப் பக்கம் ஒரு போலீஸ் ஆபீஸில் குமாஸ்தாவாகப் போட்டார்கள். மலையில் போய் இறங்கிய அன்றே காலில் அட்டை கடித்தது. வேஷ்டியில் ரத்தத்தைப் பார்த்ததும் மயக்கம் போட்டு விழுந்தேன். போலீஸ் ஆபீஸுக்கு ரத்தம் பார்த்தால் மயங்குகிற குமாஸ்தா! என்னைத் தூக்கி உட்கார வைத்த கான்ஸ்டபிள் ராகவன், நான் அங்கே இருந்தவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த ஆபீஸில் எதுவும் காயாது. காக்கிச் சட்டை காயாது, காகிதம் காயாது, ஒட்டின கவர் தானாகவே வாயைத் திறந்துகொள்ளும். அப்படி வாயைத் திறந்து வந்த ஒரு கவரில்தான் இந்தக் கேள்வி முதலில் வந்தது. வித்யா கேட்ட அதே கேள்வி. தலைநகரத்தில் யாரோ கேட்டிருந்தார்கள். எங்கேயோ ஒரு பெரிய வீட்டுப் பையன் யாரையோ சுட்டிருக்கணும் என்பது ராகவனின் ஊகம்.

எங்கள் மலையில் பெரிய வீடும் இல்லை, அந்த மாதிரிச் சண்டையும் இல்லை. ஏலத்தோட்டத்துக்குள் பன்றி வரும், முள்ளம்பன்றி வரும், சில சமயம் யானையும் வரும். அதற்காகத் தோட்டக்காரர்கள் துப்பாக்கி வைத்திருந்தார்கள். அப்பா செத்துப்போனால் துப்பாக்கி பையன் கைக்கு வரும், லைசென்ஸும் பையன் பேருக்கு மாறும். அப்படி மாறின பையன்கள்தான் எங்கள் கணக்கில் வர வேண்டியவர்கள். ஆளும் ஆயுதமும் இருக்கிறதா என்று நேரில் பார்த்து வரச்சொன்னார் இன்ஸ்பெக்டர். ராகவனும் நானும் கிளம்பினோம். காலில் புகையிலைத் தண்ணீர் பூசிக்கொண்டு போனேன். அட்டைகளுக்குப் புகையிலை ஆகாது என்றார்கள். எங்கள் பக்கத்து அட்டைகளுக்கு அது பிடித்திருந்தது போல.

ஆனைக்கரைப் பக்கம் ஒரு சரிவில் மொக்கராசுவின் வீடு. தகரக் கூரை, மண் சுவர். மலைக்குக் கீழே கம்பத்திலிருந்து ஏறி வந்து தோட்டம் போட்ட குடும்பம். அவனுக்கு என் வயதுதான் இருக்கும். ராகவன் வழியிலேயே கதையைச் சொல்லியிருந்தார். போன மழைக்காலத்தில், சாயங்காலம், மூடுபனிக்குள் ஏலச்செடி அசைந்திருக்கிறது. பன்றி என்று நினைத்து மொக்கராசு சுட்டான். செடிக்குள் இருந்தது பாண்டி. சின்ன வயதிலிருந்து கூடவே திரிந்தவன். காவலுக்குப் போனவனுக்குச் சோறு கொண்டுவந்திருக்கிறான். விசாரணை நடந்தது. விபத்து என்று முடிந்தது. முடிந்த பிறகு, முறைப்படி, துப்பாக்கியை மொக்கராசுவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அது மூலையில் சாக்கில் சுற்றிக் கிடந்தது. கட்டின கயிற்றை அவன் அவிழ்க்கவே இல்லை. ராகவன்தான் அவிழ்த்து நம்பரைப் பார்த்தார். அதுவரை மொக்கராசு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். பிறகு என்னிடம் வந்தான்.

"என்னா சார் எழுதுறீங்க?"

"பேரு, வயசு, லைசென்ஸ். அப்புறம் கேஸ் உண்டா இல்லையான்னு."

"என் பேருக்கு நேரா என்னா எழுதுவீங்க?"

"இல்லைன்னுதான்."

"நான் பாண்டியச் சுட்டேன்ல சார்?"

"அது விபத்துன்னு முடிஞ்சு போச்சே."

"விபத்துன்னா, சுட்டது யாரு?"

அவன் குரலை உயர்த்தவில்லை, அழவும் இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்தவனிடம் கேட்பதுபோலக் கேட்டான். "உண்டுன்னு எழுதுங்க சார். இல்லேன்னு எழுதிட்டா நான் எங்க போயிச் சொல்லுவேன்?"

அப்போது உள்ளேயிருந்து ஓர் அம்மாள் வந்தாள். அவன் தாயார் என்று நினைத்தேன். பாண்டியின் அம்மா ஒச்சம்மாவாம். புருஷன் இல்லை, வேறு பிள்ளை இல்லை. மகன் போனபிறகு மொக்கராசுதான் அழைத்து வந்து வைத்துக்கொண்டிருந்தான்.

"அவன் கெடக்கான் சார், அவன் பேச்சைக் கேட்டு எழுதிராதீங்க" என்றாள். "உண்டுன்னு எழுதி இவனையும் கூட்டிட்டுப் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

"எழுதலைம்மா. இல்லைன்னுதான் எழுதறேன்" என்றேன், ஆறுதல் சொல்வதாக நினைத்து.

அவள் முகம் சுருங்கியது. "இல்லேன்னும் எழுதாதீங்கய்யா" என்றாள். "எம்புள்ள செத்திருக்கான்ல."

சரிவில் இறங்கும்போது ராகவன் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அட்டை ஏறியதா என்று நானும் குனிந்து பார்க்கவில்லை.

ஆபீஸில் எழுதிய அறிக்கையில், மொக்கராசுவின் பெயருக்கு நேரே வழக்கு இல்லை என்று போட்டுவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்தேன்: விபத்து, ஒருவர் மரணம். இன்ஸ்பெக்டர் படித்தார். கெட்டவர் இல்லை, ஆனைக்கரைக்கு அவரே போய் அந்த உடலைப் பார்த்தவர். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். "ஸ்வாமி, சோதிச்சதினு மாத்ரம் உத்தரம் மதி" என்றார். கேட்டதற்கு மட்டும் பதில் போதுமாம். திருத்திய பிரதியே போயிற்று. தலைநகரத்துக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்கும்.

சில நாள் கழித்து மொக்கராசு அந்தச் சாக்கு மூட்டையைச் சுமந்துகொண்டு ஆபீஸுக்கே வந்தான். ஒப்படைக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தான். வாங்கி வைத்துக்கொண்டார்கள். அறிக்கையைப் பற்றி அவன் கேட்கவில்லை. கேட்பானோ என்று நான்தான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவனைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். வேலையாக ஏலத்தோட்டங்கள் வழியே போகும்போது, பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். "ஆளு வருது... ஆளு வருது..." கொஞ்ச நேரம் கழித்துத்தான் மொக்கராசு வெளிப்படுவான். தலைச்சுமையோடு, தரையைப் பார்த்துக்கொண்டு. பட்டப்பகலிலும் அப்படித்தான். எதிரே யாரும் இல்லாவிட்டாலும் அப்படித்தான். பாண்டி அன்றைக்குக் குரல் கொடுக்காமல் வந்தான் என்பது ஊருக்குத் தெரியும். அதனால் யாரும் கேலி செய்யவில்லை. பனி அடர்ந்த நாட்களில் எங்களையறியாமல் ராகவனும் நானும்கூட அப்படிச் சொல்லிக்கொண்டு நடந்திருக்கிறோம். மாற்றலாகி மலையிறங்கிய பிறகும், விடியற்காலையில் பாலக்காட்டு வயல் வரப்பில் பனிக்குள் நடக்கும்போது பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன். கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுவேன்.

வேலை ஓய்ந்தபிறகு, பேரப்பிள்ளைகளுக்குத் தேக்கடியைக் காட்டப் போனவன், அவர்களைப் படகில் ஏற்றிவிட்டு நான் மட்டும் பஸ் ஏறி ஆனைக்கரைப் பக்கம் போனேன். சரிவு எதுவென்றே பிடிபடவில்லை. நிழலுக்கு நின்ற பெருமரங்களை வெட்டியிருந்தார்கள். மரம் இல்லாததால் பனியும் தங்குவதில்லையாம். சாலையோரத்துச் சூட்டறை இருந்த இடத்தில் விருந்தினர் விடுதி கட்டியிருந்தார்கள்.

சாலையோரத்து டீக்கடையில் மொக்கராசு என்ற பேர் மட்டும் மிஞ்சியிருந்தது. ஒச்சம்மா செத்தபோது மொட்டை போட்டுக் கொள்ளி வைத்தது அவன்தான், அப்புறம் நிலத்தை விற்றுவிட்டுக் கம்பத்துப் பக்கம் இறங்கிப் போனான், திரும்பவில்லை என்றார் கடைக்காரர். பாண்டியைப் புதைத்த ஓடைக்கரையைக் கேட்டேன். சாலை அகலமாக்கினபோது ஓடையையே மூடிவிட்டார்களாம். டீயை என் முன்னால் வைத்துவிட்டு அவர் கேட்டார்:

"பாண்டியா? யாரு சார் அது? அப்படி இங்க யாரும் இருந்ததில்லையே."

பெஞ்சில் அவரை உட்காரச் சொன்னேன். குமுளி பஸ் வந்தது, நின்றது, போயிற்று. நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.