எண்பத்தேழாம் எண்காரர்

ரேணிகுண்டாவில் அந்த வீட்டுக் கதவைத் தட்டியபோது காலை பதினொரு மணி, சுள்ளென்று வெயில். கதவைத் திறந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைத்தான் பார்த்தார்.

"மறுபடியும் ரத்தத்துக்கா வந்துக்கிறீங்க? எங்க வூட்டுக்காரரு செத்து ஏழு மாசம் ஆவுது. இதோட மூணாவது வாட்டி அவரு பேரைச் சொல்லிக்கினு வர்றீங்க."

"கம்ப்யூட்டர் குடுத்த நம்பர்மா" என்றேன்.

"அவரு எங்கியோ இருக்கறது உங்க மிஷினுக்குத் தெரியுதா?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு, ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலை சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராமாக எழுதிக் கொடுத்தவன் நான்தான். குரூப்பைத் தட்டினால் எண் வரும். அந்த எண்ணுக்குரிய ஆளின் விலாசத்தை ரிஜிஸ்டரில் பார்க்க வேண்டும். அன்று பிரசவமான ஒரு பெண் ரத்தம் நிற்காமல் கிடந்தாள். ஓ நெகட்டிவ். அந்த குரூப்புக்கு எங்களிடம் இருந்தது ஒரே ஆள். மிஷின் 87 என்றது. என் புரோகிராம் ஓர் உயிரைக் காப்பாற்றுவதைப் பார்க்கும் ஆசையில் ஜீப்பில் நானும் தொற்றிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து குரூப்பை மறுபடி தட்டினேன். 87. இன்னொரு முறை. 87. செத்தவரையே கூப்பிட்டது.

ஹெட் கிளார்க் சாமுவேல் ரிஜிஸ்டரைப் புரட்டினார். "இன்னாப்பா இது, எம்பத்தேழு பி பாசிட்டிவ்னு இல்ல போட்டுக்கிது?"

அப்போதுதான் உறைத்தது. சாமுவேல் எந்த எண்ணையும் நாலு இலக்கமாகத்தான் எழுதுவார், 87 என்றால் 0087. கட்டம் காலியாக இருந்தால் அவருக்கு ஆகாது. நானும் அந்த சைபர்களோடு அப்படியே புரோகிராமில் அடித்திருந்தேன். சி மொழியில் முன்னால் சைபர் இருந்தால், அது எட்டை அடிமானமாகக் கொண்ட எண், பத்துப் பத்தாக இல்லாமல் எட்டு எட்டாக எண்ணுவது. அதில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது. அதனால் அவை வந்த எண்களில் மட்டும், புரோகிராமை மிஷினுக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் எரர் என்று கத்தியது. நானும் அங்கே மட்டும் சைபரை எடுத்து அதன் வாயை அடைத்தேன். மற்ற எண்களெல்லாம் சத்தமில்லாமல் வேறு ஆட்களாக மாறியிருந்தன.

எந்த எண் 87 ஆக மாறியது என்று பார்க்க, சீட்டின் பின்பக்கம் 87ஐ எட்டால் வகுத்தேன். ஈவு 10, மீதி 7. பத்தை வகுத்தால் ஈவு 1, மீதி 2. கீழிருந்து படித்தால் 127.

ரிஜிஸ்டரில் 0127, திருச்சானூரில் ஒரு லாட்ஜ் சமையல்காரர். ஓ நெகட்டிவ். மாவு ஒட்டிய கையோடு ஓடி வந்தார். பெண் பிழைத்தாள்.

"பொழைச்சிக்கிச்சுப்பா" என்று சாமுவேல் என் தோளைத் தட்டினார்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு வாட்டி ரேணிகுண்டாவுக்கு ஜீப் போச்சாமே சார். அது யாருக்கு?"

டிரைவர்கள் "ஆள் கிடைக்கவில்லை" என்று எழுதிப்போட்ட இரண்டு பழைய ஓ நெகட்டிவ் சீட்டுகள் ரிஜிஸ்டருக்குள் இருந்தன. சாமுவேல் அவற்றைப் பார்த்தார். ரிஜிஸ்டரை மூடினார்.

"அதை மட்டும் கேக்காத."

புதிதாகப் புரோகிராம் எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கம்பைலர் கத்திய இடத்தை மட்டும் திருத்திவிட்டு எழுந்து போகாதீர்கள். கத்தாத வரிகளையும் உட்கார்ந்து படியுங்கள். எரர் வந்தால் எனக்குப் பயமில்லை, ஒன்றுமே வராவிட்டால்தான் பயம். ரத்தம் கிடைக்காமல் போன அந்த இரண்டு பேரின் பெயரை நான் இன்றுவரை கேட்கவில்லை.